என் பிள்ளை ஏஜெண்ட் இல்லை, அத்திம்பேர்

சந்தாநகர், ஹைதராபாத்
28 ஜூன் 2007

எங்காத்து மாப்பிள்ளையாகி இத்தனை வருஷமாகியும் தலைதீபாவளி மரியாதைக்குக் குறைவில்லாத அத்திம்பேர் அவர்களுக்கு, மச்சினன் சக்ரபாணி தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. சாவித்ரி அக்காவுக்குத் தலைசுற்றல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் வேதாவும் கௌஷிக்கும் உடம்பளவில் சௌக்கியம். மற்றபடி என் ஆத்துக்காரி வேதா என்னோடு பேசி நாலு நாளாகிறது. வேளாவேளைக்குத் தளிகை நடக்கிறது, தட்டும் வருகிறது, ஆனால் தட்டு தரையைத் தொடும் சத்தம் பக்கத்து ஆத்துக்குக் கேட்கிறது.

இந்தக் கடிதம் கண்டவுடன் நீங்கள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு டவுன் பஸ் பிடித்து தில்லைநகர் போய், வேதாசலம் அவர்களைப் பார்த்து, என் பிள்ளை ஏஜெண்ட் இல்லை என்று சொல்லிவிட்டு வரவேண்டும். நீங்கள் பார்த்துக் கொடுத்த சம்பந்தம்தான் அது. அவர் பாங்க் மானேஜராக இருந்து ரிடயர் ஆனவர், பெண் சாருலதா சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். ஜாதகம் சேர்ந்து, பெண்ணும் பிள்ளையும் பேசிப் பிடித்துப்போய், ஆவணியில் நிச்சயதார்த்தம் என்று வாய்வார்த்தையாக முடிந்த இடம் இப்போது என் வாயாலேயே அந்தரத்தில் தொங்குகிறது. இதை ஃபோனிலேயே சொல்லலாமே என்பீர்கள். ஃபோனால்தான் இவ்வளவும் வந்தது, அதனால் கூரியரில் அனுப்புகிறேன்.

முதலில் கௌஷிக்கின் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரிய வேண்டும். மாதாப்பூரில் கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ பனி பெய்யும் தேசத்தில் இருக்கும் ஒரு ஹாக்கி கிளப்புக்குக் கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டர் ப்ரோகிராமைக் கவனித்துக்கொள்கிறான். ஹாக்கி என்றதும் எனக்கு வந்த சந்தோஷத்தை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம், ராமச்சந்திராபுரம் ஃபாக்டரி டீமில் நான் லெஃப்ட் ஃபுல்பேக் ஆடியவன். ஆனால் இது நம் ஹாக்கி இல்லை, ஐஸ் ஹாக்கி. பனிக்கட்டித் தரையில் காலில் கத்தியைக் கட்டிக்கொண்டு சறுக்குகிறார்கள், பந்துக்குப் பதில் கறுப்பாக ஒரு ரப்பர் வில்லை. நடுவில் இரண்டு பேர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு முகத்தில் குத்திக்கொள்கிறார்கள், ரெஃப்ரீ கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுப் பிறகு விலக்கி ஒரு கூண்டில் உட்காரவைக்கிறார், ஆறிப்போனதும் மறுபடி ஆட வருகிறார்கள். நான் ஒருமுறை எதிராளியின் சட்டைக் காலரைப் பிடித்ததற்கு வெல்ஃபேர் ஆபீசரிடம் எழுத்து மூலம் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது.

சம்பளத்தைக் கேட்டால்தான் மயக்கம் வரும். ஒரே ஒரு ஆட்டக்காரனுக்கு வருஷத்துக்கு ஏழெட்டு மில்லியன் டாலராம், எங்கள் ஃபவுண்டரி ஷாப் முழுவதையும் தீபாவளி போனஸோடு சேர்த்தாலும் அந்தத் தொகை வராது. இந்தச் சம்பளத் தகராறில் முதலாளிகள் லாக்-அவுட் செய்து, ரெண்டு மூணு வருஷம் முன்பு ஒரு சீசன் முழுக்க ஆட்டமே நடக்கவில்லையாம். லாக்-அவுட் என்றால் கேட்டில் கொடி, ஷாமியானா, கரகரக்கும் மைக் என்று நினைத்துக் கேட்டேன், அதெல்லாம் கிடையாதாம், வக்கீல்கள்தான் பேசினார்களாம். அதற்கப்புறம் டீமுக்கு இவ்வளவுதான் என்று சம்பள உச்சவரம்பு கொண்டுவந்தார்கள், அந்த வரம்பும் வருஷாவருஷம் ஏறுகிறது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் ஜூலை முதல் தேதியிலிருந்து எந்த டீமுக்கு வேண்டுமானாலும் போகலாம், அவனுக்குப் பெயர்தான் ஃப்ரீ ஏஜெண்ட். அதிலேயே இன்னொரு ரகம் உண்டு, வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் பழைய டீம் அதே சம்பளத்தைக் கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம். நம்மில் அத்தை பெண்ணுக்கு மாமா பிள்ளை முறை என்று சொல்வது மாதிரி. உங்கள் அஸ்வினி விஷயத்தில் அந்த உரிமையை நாம் கேட்காமல் விட்டோம், அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

இதையெல்லாம் கேட்கும்போது என் மனசு எங்கள் காலத்துக்குப் போய்விடுகிறது, அத்திம்பேர். எங்களுக்கு ஹாக்கிக்கென்று தனிச் சம்பளம் கிடையாது. மூன்று மணிக்கு ஷாப்பை விட்டுப் போக பெர்மிஷன், ஒரு டம்ளர் பால், மற்றவர்களுக்கு ரெண்டு முட்டை, எனக்கு ரெண்டு வாழைப்பழம். மேட்சுக்குக் கம்பெனி பஸ்ஸில் போவோம், ஜெயித்தால் டிரைவர் வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே வருவார், தோற்றால் பின்பக்க கேட் வழியாக விடுவார். எங்கள் சென்டர் ஃபார்வர்டு முகமது யூசுப், வாணியம்பாடிக்காரன், மெஷின் ஷாப் ஃபிட்டர். அவன் பந்தோடு ஓடும்போது காண்டீனில் டீ ஆற்றுகிறவர்கூட வெளியே வந்து நிற்பார். சனத்நகரில் ஒரு எஞ்ஜினியரிங் கம்பெனி அவனைத் தூக்கிப்போகப் பார்த்தது. ஃபோர்மேன் வேலை தருகிறோம், ஸ்கூட்டரும் தருகிறோம் என்றார்கள். அந்தக் காலத்தில் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டுப் பிள்ளை பெற்றால், பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகுதான் வண்டி வரும். நாங்கள் குடியிருந்த ஃபாக்டரி டவுன்ஷிப் முழுக்க ஒரு வாரம் இதே பேச்சு, எங்கள் கோச் இராமச்சந்திரனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யூசுப் போகவில்லை. அன்றிலிருந்து இந்தக் கதையை நான் யாருக்குச் சொன்னாலும், "விசுவாசம்னா அது" என்று முடிப்பேன். கௌஷிக் சின்ன வயசிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவன், இப்போதெல்லாம் "விசு" என்னும்போதே அவன் எழுந்து போய்விடுகிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கௌஷிக் வந்து, "அப்பா, நான் பேப்பர் போட்டுட்டேன்" என்றான். பேப்பர் என் கையில்தானே இருக்கிறது என்றேன். ராஜினாமா கொடுப்பதைத்தான் இந்தக் காலத்தில் அப்படிச் சொல்கிறார்களாம். "இந்த மாசத்தோட முடியறது. ஜூலை ஒண்ணாந்தேதிலேர்ந்து நான் ஃப்ரீ ஏஜெண்ட்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். விளையாட்டாகச் சொன்னான் என்பது பிறகுதான் புரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு வேலையை விட்டுவிட்டான் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. அவன் குளியலறைக் கதவைச் சாத்துவதற்கும் வேதாசலத்தின் ஃபோன் வருவதற்கும் சரியாக இருந்தது.

சௌக்கியமெல்லாம் விசாரித்துவிட்டு, "பிள்ளையாண்டான் என்ன பண்றார்?" என்று கேட்டார். குளிக்கிறான் என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. எனக்குப் பொய் வராதே, "ஒண்ணாந்தேதிலேர்ந்து ஏஜெண்ட்" என்றேன்.

"ஏஜெண்ட்னா?"

"ஃப்ரீ ஏஜெண்ட்னு சொல்றான்."

"ஃப்ரீன்னா, கமிஷன்கூடக் கிடையாதா?" என்றார். நான் எனக்கும் முழு விவரம் தெரியாது என்றேன். அவர் பாங்கில் இருந்த காலத்தில் ஒரு டெபாசிட் ஏஜெண்ட் ஊரையே ஏமாற்றிவிட்டு ஓடிப்போய், அதில் இவருக்கு ப்ரமோஷன் தள்ளிப்போனதாம். அதை விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு, ஆவணியில் நல்ல முகூர்த்தமே இல்லை போலிருக்கிறது என்று ஃபோனை வைத்துவிட்டார்.

கௌஷிக் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டான். அவனுக்கு ரெண்டு இடத்திலிருந்து வேலை தயாராக இருக்கிறதாம். ஒன்று இங்கேயே மாதாப்பூரில் வேறொரு கம்பெனி, இன்னொன்று அந்த ஹாக்கி கிளப்பே நேராகக் கூப்பிடுகிறது, டாலரில் சம்பளம், இங்கே கொடுப்பதைப்போல் பல மடங்கு. எதில் சேர்வது என்று அவன் இன்னும் சொல்லவில்லை. வேதா மட்டும் அன்றைக்கே பரணிலிருந்து ஸ்வெட்டர், குரங்குக் குல்லா எல்லாம் இறக்கி மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டாள்.

நான் சரிசெய்கிறேன் பேர்வழி என்று வேதாசலத்துக்கு நானே ஃபோன் போட்டேன். அதுதான் பெரிய பிசகு. "பிள்ளை ஏஜெண்ட் இல்லை ஸார், அது ஐஸ் ஹாக்கியில் ஒரு வார்த்தை" என்றேன். லைன் சரியில்லை, அவருக்கு ஐஸ் மட்டும் கேட்டிருக்கிறது. "ஐஸ் ஏஜென்ஸியா? திருச்சியிலேயே ஐஸ் ஃபாக்டரி வெச்சவன் கையைச் சுட்டுண்டிருக்கான்" என்றார். ஐஸில் எப்படிக் கை சுடும் என்று நான் கேட்டிருக்கக்கூடாது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஸார், நேராவே கேக்கறேன். ஒரு இடத்துல சரியாத்தானே வேலை பார்த்துண்டிருந்தார். யார் கூடக் குடுக்கறாளோ அவா பின்னால போறவர், நாளைக்கு எங்காத்துக் குழந்தையை எப்படி வெச்சுப்பார்?" என்றார்.

அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் சொன்னது, "நீங்க கேக்கறது நியாயந்தான் ஸார், எனக்கும் அதே கவலைதான்." யூசுப் கதையையும் ஆரம்பித்தேன். திரும்பிப் பார்த்தால் கௌஷிக் ஹாலில் நிற்கிறான்.

அவன் கத்தவில்லை, அத்திம்பேர். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி அன்றைக்கே தீர்ந்திருக்கும். "அப்பா, ஒன் ஃபாக்டரி ஒன்னைக் கடைசி வரைக்கும் வெச்சுண்டது, நீயும் இருந்தே. என்னை மொதல் கம்பெனி எப்படி அனுப்பித்துன்னு மறந்துட்டியா?" என்று மட்டும் கேட்டான். மறக்கவில்லை. ஆறு வருஷம் முன்பு ஒருநாள் காலை அலுவலகம் போனவன், மத்தியான வெயிலில் ஒரு அட்டைப்பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினான். அமெரிக்காவில் யாருக்கோ வியாபாரம் படுத்துவிட்டதென்று இங்கே ஒரு மாடியையே காலி செய்துவிட்டார்கள். பெட்டிக்குள் ஒரு காப்பிக் கோப்பையும் எங்கள் மூவர் படமும் இருந்தன. பக்கத்து ஆத்தில் கேட்டதற்குப் பிள்ளைக்கு லீவு என்று சொன்னோம். அவன் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்போது நான் அவனிடம் விசுவாசக் கதை ஏதும் சொன்னதாக நினைவில்லை.

மனசு கேட்காமல் மறுநாள் பஸ் பிடித்து லோத்குண்டாவுக்குப் போனேன். யூசுப் இப்போது மகளோடு அங்கேதான் இருக்கிறான். பேரன் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, அன்றைக்கு அந்த ஸ்கூட்டரை எப்படி வேண்டாம் என்று சொன்னாய், கௌஷிக்குக்கு நீயே வந்து எடுத்துச்சொல் என்று கேட்டேன்.

"கைக்கு, எதுக்கு இப்ப கேக்குறே பாய்?" என்றான். "நான் எங்கே வேணாம்னேன்? ஹவ், சரின்னுதான் சொன்னேன். மூட்டைகூடக் கட்டியாச்சு."

"பின்னே ஏன் போகலே?"

"வீட்டுக்காரி நக்கோன்னுட்டா. டவுன்ஷிப்ல ராத்திரி பகல் தண்ணி வருது, சனத்நகர்ல நான் குடம் தூக்கணுமா, ஸ்கூட்டர் மேல நீயே போன்னா. குழாய்க்காகத்தான் பாய் நின்னேன். கம்பெனிக்காக இல்லே." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நின்னது நல்லதாப் போச்சு. உங்களையெல்லாம் விட்டுட்டு எங்கே ஆடியிருப்பேன்" என்றும் சொன்னான். இதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போகிறேன். இருந்தாலும் இத்தனை வருஷம் ஒரு தண்ணீர்க் குழாய்க்கு நான் புகழ்மாலை சூட்டிக்கொண்டிருந்தது தெரிந்துபோய்விட்டது.

ஆகவே நீங்கள் வேதாசலத்திடம் சொல்லவேண்டியது இதுதான். பிள்ளை ஏஜெண்ட் இல்லை, ஐஸ் விற்கவில்லை, கூடுதல் சம்பளம் கேட்பது குற்றம் இல்லை, நானே அவன் வயசில் இருந்தால் கேட்பேன். பெண்ணைக் கண்கலங்காமல் வைத்துக்கொள்வான், அட்டைப்பெட்டியோடு வந்தவனுக்கு நாலு பேரைக் காப்பாற்றத் தெரியும். அவன் பனி தேசத்துக்கே போவதாக இருந்தாலும் போகட்டும், எனக்கு அதில் வருத்தமில்லை என்று சொல்லுங்கள். வருத்தம் இருக்கிறது. அதை நீங்கள் சொல்லவேண்டாம். இந்தக் கல்யாணம் என் அசட்டுத்தனத்தால் நின்றால் வேதா பேசாமலிருப்பது நியாயந்தான் என்றாகிவிடும், அவன் முகத்தையும் என்னால் பார்க்க முடியாது.

சாவித்ரி அக்காவுக்கு என் நமஸ்காரம். அஸ்வினிக்கும் அவள் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். ரங்கநாதர் உங்களைத் தில்லைநகருக்குப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும், அங்கே நல்ல வார்த்தை வரும்படியும் அனுக்கிரகிக்கட்டும்.

இப்படிக்கு,
சக்ரபாணி

பி.கு.: மேலே எழுதியதில் எதையும் அங்கே போய்ச் சொல்லவேண்டாம். கவரை ஒட்டப்போகும் சமயத்தில் வேதாசலம் ஃபோன் செய்தார். சாருலதா அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட்டாளாம். ஏஜெண்ட் இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. கிளப் டாலரில் கூப்பிட்டதும் தெரியும். அதை கௌஷிக் வேண்டாமென்று எழுதிவிட்டு மாதாப்பூர் கம்பெனியிலேயே நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்பதும் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. இப்போது அவருக்குப் புதுக் கவலை. "டாலரை வேண்டாம்னு சொல்ற பிள்ளையை நான் பார்த்ததே இல்லை ஸார். மனசு, கினசு சரியாத்தானே இருக்கு? ஒரு டாக்டர்கிட்ட காட்டிடலாமே" என்கிறார். கௌஷிக்கிடம் ஏனடா என்று கேட்டேன். தயிர்சாதத்திலிருந்து தலையைத் தூக்காமல், "அங்க மைனஸ் இருபதுப்பா. ஒன் முழங்காலுக்கு ஆகாது" என்றான். போனால் எங்களையும் கூட்டிக்கொண்டுதான் போவதென்று ஆரம்பத்திலிருந்தே நினைத்திருக்கிறான். எனவே நீங்கள் கட்டாயம் தில்லைநகர் போகவேண்டும். பிள்ளைக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது, அவன் அப்பாவுக்குத்தான் முழங்கால் சரியில்லை என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவரைத் திரும்ப ஃபோனில் கூப்பிட்டு நானே சொல்லப் பார்த்தேன், அத்திம்பேர். குரல் சரியாக வரவில்லை. லைன் கோளாறு என்று சொல்லி வைத்துவிட்டேன்.