நெய்க்கரண்டியின் வலது கை

தமிழில் ‘வேண்டாம்’ என்று ஒரு சொல் இருப்பதையே ஒப்புக்கொள்ளாத மனிதர் ஒருவர் போடிநாயக்கனூரில் இருக்கிறார். வியாபாரம் ஏலக்காய். போடிமெட்டுக்கு மேலே கொஞ்சம் தோட்டம், ஊருக்குள் ஒரு கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு அவர் நெய்க்கரண்டி.

வங்கி வேலையில் மாற்றலாகிப் போடிக்குப் போன நான், அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். சாமான் இறக்கிய அன்றே சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். இலையில் சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது. பிசையப் போகும்போது என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. ஒரு கரண்டி நெய். “போதும்ணே” என்றேன். இன்னொரு கரண்டி. “வேண்டாம்ணே” என்றேன். “வேணாம்னு சொல்றவகதான் தம்பி நல்லாச் சாப்புடுவாக” என்று மறுபடியும் சாய்த்தார். நான் இலையைக் கையால் மூடினேன். கையின் மேலேயே ஊற்றினார்.

ஏலக்காய் வாங்க மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த வியாபாரி ஒருவர் “மதி, மதி” என்று கெஞ்சியதை என் கண்ணால் பார்த்தேன். மதி என்றால் போதும் என்று நெய்க்கரண்டிக்கு நன்றாகத் தெரியும். காலமெல்லாம் மலையாளிகளோடு வியாபாரம் செய்கிறவர். எந்த மொழியில் மறுத்தாலும் காதில் வாங்குவதில்லை என்பது அவர் கொள்கை. நெய்க்கு மேல் கெட்டித் தயிர், தயிருக்கு மேல் பால் பாயசம். அந்த மனிதரை ஏற்றிக்கொண்டு போன ஜீப்பு மெட்டு ஏறுவதற்குள் வளைவுக்கு வளைவு நின்றதாம். டிரைவர் வந்து சொன்னபோது, “பாவம், அவருக்கு மலை ரோடு ஒத்துக்கல” என்று நெய்க்கரண்டி உண்மையாகவே வருத்தப்பட்டார்.

இப்படிப்பட்டவர் வீட்டில்தான் ஆண்டவன் அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்தான்.

அவருடைய ஒரே மகள் செல்வி கோயமுத்தூரில் வேலை பார்த்தாள். கூட வேலை பார்த்த திண்டுக்கல் பையனைப் பிடித்திருந்தது. இரண்டு வீட்டிலும் பேசினார்கள். எல்லாம் பொருந்தி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பையன் வீட்டார் சாப்பிட வருவதாக ஏற்பாடு. அந்தப் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பியோடு எழுந்துவிடுவார்கள். சம்பந்தம் முடிவானால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். நனைத்துவிட்டால் அப்புறம் மறுபேச்சு கிடையாது.

செல்வி லீவு போட்டுவிட்டு வந்து, வருங்கால மாமியாரையும் மாப்பிள்ளையையும் பற்றி அப்பாவை உட்காரவைத்துச் சொன்னாள். “அப்பா, அத்தைக்குக் கோதுமை ஆகாது. துளி சேந்தாலும் வயிறு சுருட்டிப் படுத்துருவாக. அவருக்குப் பால் ஆகாது. தயிரு, மோரு, நெய்யி எதுவும் கூடாது.”

“நெய்யுமா?”

“நெய்யும்தான்.”

நெய்க்கரண்டி என் பக்கம் திரும்பினார். “தண்ணி, சீட்டுன்னாக்கூட மாப்ளைய எப்படியாச்சும் திருத்திப்புடலாம் தம்பி. இதுக்கு என்ன செய்ய?”

“நீங்க ஒண்ணும் கஷ்டப்பட வேணாம்ப்பா” என்றாள் செல்வி. “எந்த விசேசத்துக்குப் போனாலும் அத்தை டப்பாவுல சோறு கொண்டுபோயிருவாகளாம். இங்கயும் கொண்டாந்துருவாக.”

அவர் எழுந்தே விட்டார். “டப்பாவா? சம்பந்தியம்மா எங்க வீட்டுல உக்காந்து அவுக வீட்டுச் சோத்தத் திங்கிறதா? அதுக்குப் பேரு கை நனைக்கிறதா ஆத்தா? நாளைக்கு ஒரு பேச்சு வந்தா, நாங்க என்னிக்கு ஒங்க வீட்டுல கை நனைச்சோம்னு கேக்க மாட்டாகளா? அவுக நம்ம எலையில சாப்புடணும். இல்லாட்டி இது முடிஞ்ச சம்பந்தமே இல்ல.”

செல்வியின் முகம் சுண்டிவிட்டது.

உண்மையில் இதில் திட்டம் போட என்ன இருக்கிறது? சோறு, குழம்பு, ரசம், பொரியல். நம் சாப்பாட்டில் கோதுமைக்கு எங்கே இடம்? நெய்க்கரண்டியின் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினி இதை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். ஒரே மூச்சில் முடிகிற சோலி எதுவும் நெய்க்கரண்டிக்குப் பிடிக்காது.

முதலில் சப்பாத்திக் கட்டையை மச்சில் போட்டார். கேசரி கிண்டலாம் என்று அவர் சொல்ல, ரவையும் கோதுமைதான் என்று செல்வி சொல்ல, “ரவை ரவைதானம்மா! இம்புட்டு நாளா என்கிட்ட யாரும் சொல்லலையே” என்று மளிகைக்கடைக்காரரிடமே போய்ச் சண்டை பிடித்தார். சேமியா போனது. கட்டிப் பெருங்காயத்தில் மைதா சேர்ப்பார்கள் என்று தெரிந்த அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. “பெருங்காயமே இப்படிச் செஞ்சா அப்புறம் யாரத்தான் தம்பி நம்புறது?” என்று என்னைக் கேட்டார்.

அடுத்தது மாவு மில். கோதுமை அரைத்த மெஷினில்தானே மிளகாய்ப் பொடியும் அரைக்கிறார்கள்? மில்லில் போய் நின்று மெஷினைக் கழற்றிக் கழுவச் சொன்னார். மில்காரர் கும்பிட்டார். கடைசியில் மதினி வீட்டு அம்மியிலேயே மசாலா அரைப்பதாக ஒப்புக்கொண்டதால் போடியில் அமைதி திரும்பியது. பாயசத்துக்குப் பச்சரிசி, வெல்லம், தேங்காய்ப்பால். ஏலக்காய்க்குப் பஞ்சமில்லை.

ஆக, கோதுமை ஒழிந்தது. மிச்சமிருந்தது அவருடைய வலது கை.

பையனின் அப்பாவுக்கும் கூட வரும் சொந்தக்காரர்களுக்கும் எல்லாம் ஆகும். அவர்களுக்கு நெய் இல்லாமல் சோறு போட அவர் செத்தாலும் சம்மதிக்க மாட்டார். அதனால் நெய் பந்திக்கு வந்தே தீரும். மாப்பிள்ளை இலைக்கு மட்டும் போகக் கூடாது. ஒத்திகை பார்த்தோம். மாப்பிள்ளையாக நான் உட்கார்ந்தேன். “இவருக்கு நெய் கெடையாது, இவருக்கு நெய் கெடையாது” என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். இலையில் பருப்பு விழுந்தது. என் தோளுக்குப் பின்னாலிருந்து கை நீண்டது.

“இந்தா, ஊத்திட்டாக!” என்றார் மதினி.

நெய்க்கரண்டி தன் கையையே திகைத்துப் பார்த்தார். “நான் ஊத்தல தம்பி. அதுவாப் போயிருச்சு.”

மறுநாளும் ஒத்திகை. மறுநாளும் ஊற்றினார். எனக்குத்தான் ஒரு சுற்று உடம்பு கூடியது. “பேசாம நீங்க பந்திப் பக்கமே வராதீக” என்று மதினி சொன்னதற்கு, பெண்ணைப் பெற்றவன் பந்தியில் நிற்காவிட்டால் அது என்ன மரியாதை என்று கத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கீழே இறங்கிப் போனால், மனிதர் வலது கையை வெள்ளைத் துணியில் சுற்றி, கழுத்திலிருந்து தொட்டில் மாதிரி கட்டித் தொங்கவிட்டிருந்தார். பதறிப்போய்க் கேட்டேன்.

“சத்தம் போடாதீக” என்று காதருகே வந்தார். “நானாத்தான் கட்டிக்கிட்டேன். எடது கையால எவனாச்சும் பரிமாறுவானா? பந்தி முடியிற வரைக்கும் இந்தக் கழுத உள்ளயே கெடக்கட்டும்.”

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சம்பந்தியம்மா பெரியாஸ்பத்திரியில் எலும்பு வார்டு நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த அவசரத்தில் ஒருத்தருக்கும் நினைவு வரவில்லை.

வந்தார்கள். அந்த அம்மாள் மடியில் ஒரு துணிப்பை, பைக்குள் டப்பா. உட்கார்ந்ததும் அவர் கண் போன இடம் கட்டு.

“என்ன சம்பந்தி, கையில?”

“வழுக்கி விழுந்துட்டேம்மா.”

“எக்ஸ்ரே எடுத்தீங்களா?”

“அதெல்லாம் எதுக்கும்மா...”

“கட்டு போட்டது யாரு? இப்படியா போடுவாங்க? எங்க, வெரல அசைங்க பார்ப்போம்.”

அசைத்தார். அந்த அம்மாளின் புருவம் சுருங்கியது. “எந்த எடத்துல விழுந்தீங்க?”

“மேல, தோட்டத்துல. அந்தா, மெட்டுக்கு அங்கிட்டு” என்று சொல்லி, தொட்டிலிலிருந்து வலது கையை உருவி, நன்றாக நீட்டி, மலையைக் காட்டினார்.

கை அப்படியே நின்றது. வந்திருந்த சொந்தக்காரர் ஒருவர் “என்னப்பா இது, வந்த எடத்துல பொய்க் கட்டு?” என்று மெதுவாகச் சொல்ல, கதவோரம் நின்ற செல்வியின் கண் நிறைந்துவிட்டது.

நெய்க்கரண்டி கையை இறக்கினார். சமாளிக்கவில்லை. “மன்னிச்சுக்கங்கம்மா. கையில ஒண்ணும் இல்ல. எலையில பருப்பு விழுந்தா இந்தக் கை என் பேச்சக் கேக்காது. நெய்யத் தூக்கிட்டு ஓடும். மாப்ளைக்கு ஆகாதுன்னு எம்மக படிச்சுப் படிச்சுச் சொல்லிருச்சு. தெரிஞ்சும் ஊத்திப்புடுவேனோன்னு பயமாப் போச்சு. அதான் கட்டிப்போட்டேன்.”

யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

“ஒரு சொட்டு ஊத்தினா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுவாங்க” என்றார். “எங்க சொந்தத்துலயே எனக்குத் தெரியாம சோத்துக்கு அடியில ஊத்திக் குடுத்திருக்காங்க. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியில உக்காந்தது நான். இவனுக்காகக் கையக் கட்டிக்கிட்டவங்கள நான் இப்பதான் பாக்குறேன்.”

எழுந்து வந்தார். அந்தத் துணியைப் பிரித்து, மடக்கி, முறையாகத் தொட்டில் கட்டி, கழுத்துக்குப் பின்னால் ஒரு முடிச்சுப் போட்டார். “இப்ப உருவ முடியாது. பந்தி முடிஞ்சதும் நானே அவுத்து விடுறேன்.” பிறகு மடியிலிருந்த துணிப்பையை மதினியிடம் நீட்டினார். “இத உள்ள வைங்க. எனக்கும் ஒரு எலை போடுங்க.”

செல்வி ஓடிப்போய் அவளே இலை போட்டாள். மாப்பிள்ளை இலையில் பருப்பு விழுந்தபோது தொட்டிலுக்குள் ஒரு முழங்கை துடித்ததை நான் பார்த்தேன். முடிச்சு தாங்கியது. சம்பந்தியம்மா பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். நெய்க்கரண்டி அந்தப் பக்கம் திரும்பி, இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கல்யாணம் ஆகிவிட்டது. எனக்கும் மாற்றல் வந்து வேறு ஊருக்கு வந்துவிட்டேன். போன மாதம் போடிக்குப் போனவன் சாப்பிடாமல் திரும்ப முடியுமா? சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது. பின்னால் வந்து நின்றவர், “ஊத்தட்டுமா தம்பி?” என்று கேட்டார். இப்போதெல்லாம் எல்லோரையும் கேட்டுத்தான் ஊற்றுகிறாராம், ஊரே அதிசயிக்கிறது. பழக்கதோஷத்தில் இலையைக் கையால் மூடி, “வேண்டாம்ணே” என்று சொல்லிவிட்டேன்.

கரண்டியைக் கிண்ணத்தில் இறக்கிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார். நான் சொன்ன ‘வேண்டாம்’ என்பதை அவர் மதித்தது அதுதான் முதல் தடவை. யாரோ வீட்டில் சாப்பிட உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

“அண்ணே” என்று கூப்பிட்டு, இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். “எனக்கு மட்டும் கேக்காம ஊத்துங்க.”