ஏரிக்குப் பொதுமக்கள் பங்கு

மலையைக் கடவுள் படைக்கலாம், மழையையும் படைக்கலாம். ஆனால் ஓர் ஏரியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதற்குக் கமிட்டிதான் வேண்டும். கொடைக்கானல் ஏரியையோ கடவுள்கூடப் படைக்கவில்லை; வெள்ளைக்காரர் ஒருவர் ஓடையை மறித்துக் கட்டிவிட்டுப் போனது. ஆகவே அதற்குக் கமிட்டி இரட்டிப்பு அவசியம். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் நடந்துகொண்டிருந்த ஓர் ஆடி மாதத்தில், "ஏரிக்கரை உல்லாச அபிவிருத்தி மற்றும் இயற்கைப் பாதுகாப்பு மக்கள் கூட்டு முயற்சிக் கமிட்டி" உதயமானது. அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தவர்கள் எல்லோரும் அதை வரவேற்றார்கள்.

சர்க்கார் விதி எளிமையானது. செலவில் இரண்டு பங்கை சர்க்கார் தரும். ஒரு பங்கை உள்ளூர்க்காரர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும். கமிட்டியில் பொதுமக்களும் இருக்கவேண்டும். தலைவராக, ஓய்வுபெற்ற ரெவின்யூ அதிகாரி குருநாதன் இருந்தார். லாட்ஜ் முதலாளி சேனாதிபதி இருந்தார், படகுக் காண்டிராக்டர் நாச்சிமுத்து இருந்தார். பொதுமக்கள்தான் இல்லை. ஆள் அனுப்பித் தேடியதில், ஏரிக்கரையில் குதிரையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றிருந்த உபகாரம் என்பவன் அகப்பட்டான்.

உபகாரத்துக்குச் சொத்து என்று இருந்தவை இரண்டு. ஒன்று, துரை என்கிற மட்டக்குதிரை. கப்பலேறிப் போன ஒரு துரை விட்டுப்போனதால் அதற்கு அந்தப் பெயர். இன்னொன்று, படகுத்துறைக்குப் பக்கத்தில் அது நிற்கிற புல்மேடு. சீசனில் படகைவிட்டு இறங்குகிறவர்கள் அங்கேதான் குதிரை ஏறுவார்கள். அந்தச் சவாரிக் காசில்தான் உபகாரமும் அவன் மனைவி லீமாவும் மழை மாதங்களில் கஞ்சி குடித்தார்கள், துரை கொள்ளுத் தின்றது.

முதல் கூட்டத்தில் உபகாரத்துக்கு நாற்காலி போட்டார்கள். அவன் அதன் நுனியில் உட்கார்ந்தான். அங்கத்தினர்கள் தங்கள் பங்கை அறிவிக்கத் தொடங்கினார்கள்.

"எங்க லாட்ஜ் ஜன்னல் அம்புட்டும் ஏரியப் பாத்துத்தான் இருக்கு. அந்தக் காட்சிய என் பங்கா எழுதிக்கங்க" என்றார் சேனாதிபதி.

நாச்சிமுத்து, தாம் தொடர்ந்து படகு விடுவதாக வாக்களித்தார். தலைவர் தம் முப்பது வருஷ "அனுபவத்தை" அப்படியே வழங்கினார். கைதட்டல் அடங்கியதும் எல்லோரும் உபகாரத்தைப் பார்த்தார்கள்.

"எங்கிட்ட என்னங்கய்யா கெடக்கு? வேணும்னா ஒடம்பால ஒழைக்கேன்" என்றான் அவன்.

"எழுதிக்குங்க" என்றார் தலைவர்.

ஏரியின் பாசியையும் கோரையையும் உபகாரம் இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நின்று பிடுங்கினான். அதற்கு நன்றித் தீர்மானம் நிறைவேறியது. அடுத்து, பெஞ்சு கட்டக் கல் சுமக்கும் பணியில் துரை ஈடுபடுத்தப்பட்டது, இன்னொரு தீர்மானம். ரோஜாப் பாத்திக்கு உரம் தேவைப்பட்டபோது துரையின் லத்தியும் தேசத்துக்கு அர்ப்பணமாயிற்று. அந்தத் தீர்மானத்தை எல்லோரும் எழுந்து நின்று நிறைவேற்றினார்கள்.

"கை தட்டுனாகளாக்கும்? எத்தன தட்டு? கொண்டா, ஒலையில போடுறேன்" என்றாள் லீமா.

"ஒனக்கு வெவரம் பத்தாது. எனக்கு நாற்காலி போட்டிருக்காக."

"நாற்காலி அவுகளுது. நீ அதுல ஒக்காந்திருக்கையில மேட்டுல ஆரு நிக்கா?"

இப்படிக் குறுகிய மனப்பான்மையோடு பேசுகிறவர்களால்தான் நாடு முன்னேறாமல் கிடக்கிறது. உபகாரம் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

தை மாதக் கூட்டத்தில் "இயற்கைப் பாதுகாப்பு" விவாதத்துக்கு வந்தது. குதிரைக் குளம்பு பட்டுக் கரை மண் ஏரிக்குள் சரிவதைத் தலைவர் தழுதழுத்த குரலில் விளக்கினார்.

"நாளைக்கு நம்ம பிள்ளைகளுக்கு ஏரி வேணாமாப்பா?"

உபகாரத்துக்குப் பிள்ளை இல்லை. ஆனாலும் ஊரார் பிள்ளைகளை நினைத்துக் கை தூக்கினான். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. புல்மேட்டை வெட்டி, லாட்ஜ் ஜீப்புகள் தண்ணீர் ஓரம்வரை இறங்கச் சரிவுப் பாதை போட்டார்கள். ஜீப்புக்குக் குளம்பு கிடையாது என்பதைத் தலைவர் முன்யோசனையோடு குறிப்பிட்டிருந்தார்.

துரை மேலே பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சீசன் வந்தது. மலை வளைவுகளில் குமட்டிக் குமட்டி வந்து இறங்குகிறவனுக்குக் காப்பி வேண்டும், கம்பளி வேண்டும், குதிரை வேண்டாம். காலையில் வெள்ளனே போய் நின்றாலும் சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பவேண்டியிருந்தது. லீமா கொள்ளைப் பாதியாகக் குறைத்தாள். துரையின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. உபகாரம் அதைத் தடவித் தடவிக் கொடுத்தான்.

அந்த நேரத்தில்தான் பட்டணத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் திட்டத்தைப் பார்வையிட வந்தார். கமிட்டி எல்லாவற்றையும் காட்டியது. புல் இருந்தது, மிதிக்கக்கூடாது. பெஞ்சு இருந்தது, அவர் வருகைக்காகப் பூசிய பெயிண்டு காயவில்லை. ரோஜா இருந்தது, சுற்றிலும் முள்கம்பி.

"எல்லாம் சரி, மக்கள் எங்கே? அவங்களுக்கு இங்கே என்ன உல்லாசம்?" என்றார் அதிகாரி.

ஜீப் மேலே பறந்தது. "ஏலே உபகாரம், குதிரையோட வெரசா வா. பெரிய ஐயாவுக்கு மக்களப் பாக்கணுமாம்" என்றான் டிரைவர்.

அதிகாரி குதிரை ஏறினார். உபகாரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்தான். அரைப் பட்டினியிலும் துரை நொண்டாமல் நடந்தது. கல்யாண மாப்பிள்ளையின் முகத்தோடு இறங்கிய அதிகாரி, "இதுதான்யா உல்லாசம். இதை விருத்தி பண்ணணும்" என்றார். மேடு திரும்பிவிடும் என்று அன்று ராத்திரி உபகாரம் லீமாவிடம் சொன்னான். அவளும் அன்றைக்கு மட்டும் கொள்ளில் ஒரு பிடி கூடுதலாகப் போட்டாள்.

உத்தரவு ஒரே மாதத்தில் வந்தது. "ஏரிக்கரைக் குதிரைச் சவாரி அபிவிருத்தித் திட்டம்." சர்க்காரின் இரண்டு பங்கில் லாயம், டிக்கெட் அறை, மேற்பார்வைக்கு ஒரு ஜீப். மீதி ஒரு பங்கு, வழக்கம்போல, பொதுமக்கள்.

கூட்டத்தில் எல்லோரும் உபகாரத்தைப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே துரை கட்டிக் கிடந்தது.

"குதிரைய எழுதிக் குடுத்துட்டா தீனி கமிட்டி செலவு. ஒனக்கு லாபந்தானேப்பா" என்றார் சேனாதிபதி.

பழக்கத்தில் உபகாரத்தின் கை பாதி எழும்பிவிட்டது. அவன் அதை இன்னொரு கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டான்.

"தொரையத் தரமாட்டேங்க."

அறை திடுக்கிட்டது. பொதுமக்களிடமிருந்து இப்படி ஒரு வார்த்தையை அந்தக் கமிட்டி கேட்டதே இல்லை. "இவ்வளவு தியாகம் பண்ணினவன் இப்பப் பின்வாங்கலாமா?" என்றார் நாச்சிமுத்து.

"ஒழைப்பக் குடுத்தேன், லத்தியக் குடுத்தேன், மேட்டயும் குடுத்தேன். எல்லாம் எம் பங்குன்னு எழுதிக்கிட்டீங்க." உபகாரம் எழுந்து நின்றான். "கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்கய்யா. உங்க பங்கு என்னங்க?"

தலைவர் குருநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குக் கோபம் வரவில்லை. உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

"ஒரு வருஷமா கமிட்டியில இருந்தும் இது வெளங்கலயா ஒனக்கு? சர்க்கார் பணத்தக் குடுத்துச்சு. நாங்க உன்னயக் குடுத்தோம்."