பஞ்சுவுக்குத் தகுதியான இடம்

நாயை வளர்க்க முடியாத நிலை வந்தால், அதைத் தெருவில் விட்டுவிட்டு ஓடாமல், பொறுப்போடு ஒரு நல்ல கையில் ஒப்படைக்க வேண்டும். நல்லவர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஸ்கூல் வேன் ஓட்டி ஓய்வு பெற்ற நம் வேன்காரர் நல்லவர். அதனால்தான் மாட்டிக்கொண்டார்.

மனைவி காலமான பிறகு மகள் வீட்டோடு போய் இருப்பதென்று முடிவாகியிருந்தது. அங்கே பேரனுக்கு நாய் முடி பட்டாலே மூச்சு இழுக்கும். ஆகவே பஞ்சுவைப் பிரிய வேண்டியதாயிற்று. பஞ்சு கன்னங்கரேல் என்றிருக்கும், முடியோ துடைப்பக்கட்டைதான். பெயர் வைத்தவர் மனைவி என்பதால் அப்போது வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

நல்ல கையும் தயாராகவே இருந்தது. அடுத்த தெரு பேக்கரிக்காரம்மாவின் கடை வாசலில்தான் பஞ்சு பாதி நாள் கிடக்கும். "கயித்தை இப்படிக் கொடுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றார் அந்தம்மா. கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எதையும் முறைப்படி செய்வதுதான் ஊரில் அப்போது நாகரிகம். நாய்க்கு மனசு சரியில்லை என்றால் ஆலோசகர், ஆலோசகருக்கு மனசு சரியில்லை என்றால் இன்னொரு ஆலோசகர் என்று ஊர் எங்கேயோ போயிருந்தது. "ஆபீஸ்ல சொல்லாம கொடுத்தா, கைவிட்டதாதான்பா அர்த்தம்" என்று மகள் போனில் சொல்லிவிட்டாள்.

வேன்காரர், பேக்கரிக்காரம்மா, பஞ்சு மூவரும் செல்லப்பிராணிகள் மறுகுடியமர்வு நலவாழ்வு அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரி தலை நிமிராமலே ஆரம்பித்தார்.

"நாய்க்கு இந்தம்மாவை முன்னாடியே தெரியுமா?"

"நல்லாத் தெரியும் சார்" என்றார் வேன்காரர் பெருமையாக.

"அப்ப இது சிபாரிசு கேஸ். தெரிஞ்சவங்களுக்கே கொடுத்துட்டா, தெரியாதவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

"பழகினவங்க கையாலதானே சார் அவன் சாப்பிடுவான்?"

"அது நாயோட சொந்த அபிப்பிராயம். ஏம்மா, பகல் முழுக்க ஒரு வேலையும் இல்லாம உங்க வீட்ல யாராவது இருப்பாங்களா?"

"எல்லாரும் உழைக்கிறோம் சார்."

"அடடா!" அதிகாரி நிஜமாகவே வருத்தப்பட்டார். "நாய்க்குத் தனி ரூம்?"

"எனக்கே இல்லியே."

"சத்தம் கித்தம்?"

"மாவு பிசையற மெஷின் ஓடும்."

"தேறாது" என்றார் அதிகாரி.

தகுதியான இல்லம் தேடி அலுவலகம் ஊர் முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தது. போன வீட்டிலெல்லாம் யாராவது ஏதாவது வேலை செய்து தொலைத்தார்கள். வெட்டியாக உட்கார்ந்திருந்த ஒரே ஒரு பெரியவரும் அவ்வப்போது பாடினார். கடைசியில் அதிகாரி, ஆய்ந்து அறிந்த பின்னர் பின்வருமாறு ஆணையிட்டார்: விசாலமான அறை, குளுகுளு காற்று, பூரண அமைதி, பகல் முழுவதும் யாதொரு வேலையுமின்றி ஆட்கள் இருத்தல் ஆகிய சகல தகுதிகளும் ஒருங்கே அமைந்த ஒரே இடம் இந்த அலுவலகமே.

பஞ்சுவை அதிகாரியின் மேஜைக்காலில் கட்டினார்கள். வேன்காரர் அழுதேவிட்டார். "அவன் அந்தம்மாவைத் தேடுவான் சார். நான் இல்லாம, அவங்களும் இல்லாம என்ன சார் பண்ணுவான்?" மேலதிகாரிக்கு மனு எழுதிப் போட்டார். முடிவு தெரியாமல் ஊரைவிட்டுக் கிளம்புவதில்லை என்று கட்டிய பெட்டியைப் பிரித்துவிட்டார்.

இதற்குள் அலுவலகத்தில் ஒரு விபரீதம் நடந்துகொண்டிருந்தது. யார் உள்ளே வந்தாலும் பஞ்சு எழுந்து நின்றது. முகத்தை நிமிர்ந்து பார்த்தது. அவர்கள் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டது. அரசாங்கக் கட்டடத்துக்குள் இப்படியொரு மரியாதையைக் கண்டிராத ஜனங்கள் ஆடிப்போனார்கள். நாய்க்கும் தங்களுக்கும் ஸ்நானப்பிராப்தி இல்லாதவர்கள்கூட, தண்ணீர் வரவில்லை, ஓய்வூதியம் வரவில்லை என்று வந்து பஞ்சுவிடம் முறையிட்டுவிட்டு, பாரம் இறங்கிய முகத்தோடு வீடு திரும்பினார்கள். வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. அதிகாரிக்கு நல்ல பெயரும் வந்தது.

ஒருநாள் மனுவுக்குப் பதிலும் வந்தது. பேக்கரிக்காரம்மாவிடமே நாயை ஒப்படைக்கலாமாம். வேன்காரர் ஓட்டமும் நடையுமாக அந்தம்மாவை அழைத்துக்கொண்டு வந்தார். கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். வரிசை கொந்தளித்துவிட்டது.

"யாரைக் கேட்டு அவுக்கறீங்க?"

"என் நாய்ங்க!"

"உங்க நாயா இருக்கலாம். ஆனா இந்த ஆபீஸ்ல எங்க மூஞ்சியைப் பாக்கற ஒரே ஆள் இவன்தான். இவனையும் அனுப்பிட்டா நாங்க எங்க போறது?"

அதிகாரி அன்றைக்கும் தலை நிமிரவில்லை. "மக்கள் விருப்பத்துக்கு நான் குறுக்க நிக்க முடியாது" என்று ஆணையைத் திருப்பி அனுப்பிவிட்டார். வேன்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பேக்கரிக்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரிசையைப் பார்த்துக் கத்தினார். "இவ்வளவு பேர் சேந்து நாயை விடமாட்டேங்கறீங்களே, சீட்டுல இருக்கற அந்த மனுஷன் ஒரு தடவை நிமிர்ந்து பாக்கணும்னு யாராவது கேட்டீங்களா?"

வரிசை திகைத்துப் போனது. அப்படி ஒன்று கேட்கலாம் என்பதே யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. முன்னால் நின்றவர் அந்தம்மாவைச் சமாதானப்படுத்தும் குரலில் சொன்னார்:

"ஏதோ நாயாவது கிடைச்சிருக்கு. ரொம்பப் பேராசைப்படக் கூடாதும்மா."

அந்தம்மா வேன்காரரைக் கைத்தாங்கலாக எழுப்பிக் கூட்டிக்கொண்டு நடந்தார். பஞ்சுவும் கூடவே கிளம்பியது. கயிறு வாசல் வரைக்கும்தான் வந்தது.