சம்பந்தி வீட்டு ஓவனும் என் மனைவியும்

மதிப்பிற்குரிய சம்பந்தி காஸ்பார் அவர்களுக்கு, வில்யாரிக்காவிலிருந்து எலிகியோ எழுதிக்கொள்வது.

நீங்கள் என் மனைவியை புவெனஸ் அய்ரஸில் உங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு திருப்பி அனுப்பாமல் இருக்கிறீர்கள். இது அநியாயம். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை மரியாதையாக எழுத வரும், அதனால் சொல்லிவிட்டேன். இனி முறைப்படி: தாங்களும் சம்பந்தியம்மாளும் நலம்தானே? மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா? என் மகள் நிமியாவுக்கும் பேரனுக்கும் காக்குப்பே மாதா துணை இருக்கட்டும். நான் நலமாக இல்லை. யாரும் கேட்காததால் நானே எழுதுகிறேன்.

லொரென்சா அங்கே வந்தது மகளின் பிரசவத்துக்கு. "குழந்தைக்குத் தலை நின்னதும் வந்துடறேன்" என்று சொல்லித்தான் பேருந்து ஏறினாள். தலை நின்றது. குப்புற விழுந்தது. இப்போது உட்கார்ந்துகொண்டு உங்கள் மீசையைப் பிடித்து இழுக்கிறதாம். படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கும் மீசை இருக்கிறது. இங்கே சும்மாதான் கிடக்கிறது.

போன மாதம் போனில், "எப்போ வர்றே?" என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதில் இது: "இவங்க வீட்டு ஓவனை நீங்க பாக்கணுமே! உள்ள விளக்கு எரியுது. கதவு கண்ணாடி. ஒரு காத்தாடி சுத்தி, சூட்டை எல்லாப் பக்கமும் தள்ளிவிடுது. சிப்பா வளையம் அடியும் மேலும் ஒரே நிறமா வருதுங்க. நான் நாற்காலி போட்டு எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கேன்." கல்யாணமான நாள்முதல் என்னை அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்ததில்லை. அதோடு விட்டாளா? "நம்ம வீட்டு ஓவனோட மல்லுக்கட்ட இனிமே எனக்குத் தெம்பில்ல. பரிசுத்த வாரத்தை இங்கேயே முடிச்சுக்கறேனே" என்றாள். ஆக, வழக்கு எனக்கும் அவளுக்கும் இல்லை. உங்கள் ஓவனுக்கும் என் ஓவனுக்கும்.

எங்கள் தெருவில் பரிசுத்த வாரப் புதன்கிழமை என்றால் என்னவென்று உங்களைப் போன்ற நகரத்து மனிதருக்குச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்பதால் புதன்கிழமையே எல்லா வீட்டிலும் மரவள்ளி மாவையும் பாலாடைக்கட்டியையும் பன்றிக்கொழுப்பையும் சோம்பையும் பிசைந்து சிப்பா வளையங்கள் சுட்டு, வேலிக்கு மேலே தட்டு போகும், தட்டு வரும். தட்டு வந்து, பதிலுக்குப் போகாத வீடு ஒரே மாதிரி வீடுதான்: பெண்சாதி செத்துப்போன வீடு. அடுத்த வீட்டு தெயோலிந்தா போன வாரமே வேலியில் கையை ஊன்றிக்கொண்டு, "எலிகியோ அண்ணே, புதன்கிழமை உங்களுக்கும் சேத்து நானே சுட்டுடறேன், கவலைப்படாதீங்க" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

அதனால் என் ஓவனை நானே வழிக்குக் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன். கரும்பு லாரி ஓட்டி, அதன் எஞ்சினை யாரிடமும் கேட்காமல் பிரித்துப் பூட்டக் கற்றவன் நான்; ஒரு தகரப் பெட்டியா எனக்குப் பெரிது? லாரியைச் சூடாக்காமல் பாரம் ஏற்றக் கூடாது, ஓவனும் அப்படித்தான் என்று யோசித்து, மாவு பிசைவதற்கு முன்பே பற்றவைத்தேன். யோசனை சரி. ஆனால் எங்கள் ஊரில் ஓவன் என்பது வருடத்தில் முக்கால்வாசி நாள் பாத்திர அலமாரி என்பதும், பற்றவைக்கும் முன் அதைக் காலி செய்வது லொரென்சாவின் வேலை என்பதும், அவள் இல்லாவிட்டால் யாரும் காலி செய்யமாட்டார்கள் என்பதும் நாற்றம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வாணலிகள் பிழைத்தன. அவற்றின் நடுவே அவள் செருகிவைத்திருந்த பிளாஸ்டிக் மூடிகளும் மாவுச் சல்லடையும் ஒன்றாக உருகி, கம்பித் தட்டிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தன. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல்: "என்ன அண்ணே, இந்த வருஷம் பிளாஸ்டிக் சிப்பாவா?"

சுரண்டி எடுத்துவிட்டு மறுநாள் மறுபடி சுட்டேன். அடி கரி, மேலே வெள்ளை. காஸ் தீ அடியில் மட்டும்தான் எரிகிறது, உங்களுடையதைப் போல அதற்குக் காற்றாடி வைக்கும் அந்தஸ்து இல்லை. வெந்ததா வெந்ததா என்று நான் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டே வேறு இருந்தேன். தெயோலிந்தா சன்னல் வழியே பார்த்துவிட்டு, "சும்மா சும்மா தெறந்து பாத்தா அதுக்குக் கூச்சமா இருக்காதா? குளிக்கிற எடத்துல யாராவது எட்டிப் பாத்தா நீங்க வெளிய வருவீங்களா?" என்றாள். அதற்குப்பின் நான் திறக்கவில்லை. கதவின் ஸ்பிரிங் தளர்ந்து சூடு வெளியே ஓடுவதைப் பார்த்து, பழைய லாரி இருக்கையிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்துப் பூட்டினேன். இப்போது சுவரில் காலை ஊன்றி இழுத்தால்தான் கதவு திறக்கும். அதுவும் நல்லதுதான், சும்மா எட்டிப் பார்க்கத் தோன்றாது. கீழ்த் தட்டில் இரண்டு தரை ஓடுகளைப் போட்டேன், தீயின் கோபத்தை அவை வாங்கிக்கொள்கின்றன. சிப்பாத் தட்டை நடுவில் வைத்தேன், பின்பக்கம் அதிகம் காய்வதால் பாதியில் ஒரே ஒரு முறை திருப்பினேன். திருகியில் எண்கள் எப்போதோ அழிந்துவிட்டன. அதனால் ஒரு சிட்டிகை மாவைத் தகரத்தில் தூவி உள்ளே வைத்து, ஒரு பரலோக மந்திரம் சொல்கிறேன். சொல்லி முடிக்கும்போது பொன்னிறம் என்றால் சூடு சரி. கருகினால் தணிக்க வேண்டும். வெள்ளையாகவே இருந்தால் இன்னொரு மந்திரம்.

நேற்று வந்துவிட்டது, சம்பந்தி. அடியும் மேலும் ஒரே நிறம். உடைத்தால் உள்ளே ஆவி, பாலாடைக்கட்டி நூலாக இழுபடுகிறது. ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். "இந்தா, பிடி" என்று நீட்டுவதற்கு ஆள் இல்லை. ஒருவர் ஊற்ற இன்னொருவர் உறிஞ்சும் தெரெரே மூலிகைப் பானமும் இப்படித்தான் ஆகிவிட்டது. குவளையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக் கொடுப்பதும் நானே, வாங்கி உறிஞ்சுவதும் நானே, "போதும்" என்று சொல்வதும் நானே. அது குடிப்பதாகவே இல்லை, மருந்து சாப்பிடுவதைப் போல இருக்கிறது.

ஆகவே, ஓவன் சரியாகிவிட்டது. லொரென்சாவை அங்கே வைத்திருக்க இனி உங்களுக்குக் காரணம் எதுவும் இல்லை. அத்தாட்சியாக ஒரு டஜன் சிப்பாவை வாழையிலையில் சுற்றி, இந்தக் கடிதத்தோடு பேருந்து ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்புகிறேன். செய்ய வேண்டியவை: நீங்கள் அவள் முன்னால் இந்தக் கடிதத்தை உரக்கப் படிக்க வேண்டும். சம்பந்தியம்மாள் சிப்பாவைச் சூடாக்கி அவள் தட்டில் வைக்க வேண்டும். நிமியா அழக் கூடாது. மாப்பிள்ளை சனிக்கிழமைப் பேருந்தில் சன்னலோர இடம் பிடிக்க வேண்டும். நான் நிலையத்தில் நிற்பேன்.

உங்கள் வீட்டில் நோய்நொடி இன்றி, சமாதானம் நிலைக்கட்டும். பேரனுக்கு என் முத்தம். மீசை குத்தாமல் கொடுக்கவும்.

இப்படிக்கு, உங்கள் மேல் மதிப்பும் வருத்தமும் உள்ள
எலிகியோ

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் லொரென்சாவே போன் செய்தாள். என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "அடியும் மேலும் ஒரே நிறம்" என்றேன். "நெசமாவா? நீங்களா?" என்றாள். "நானேதான்" என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். "அப்பாடா, இப்பத்தான் நிம்மதி. நீங்க அங்க என்ன பாடு படறீங்களோன்னு சனிக்கிழமை கிளம்பறதுக்குப் பையெல்லாம் எடுத்து வச்சிட்டேன். இனிமே என்ன அவசரம்? குழந்தைக்குப் பல்லு முளைக்கட்டும், மெதுவா வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனவே மேலே உள்ளது அனைத்தும் ரத்து. கடிதத்தை அவளிடம் காட்டவே கூடாது. சிப்பாவை நீங்களும் மாப்பிள்ளையும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்த் தின்றுவிட வேண்டும்; வாழையிலையைத் தெருவைத் தாண்டிப் போட வேண்டும், அவளுக்கு மூக்கு கூர்மை. போனில் நான் சொன்னது வீம்புக்குச் சொன்ன பொய் என்று நிமியா சொல்ல வேண்டும். தரை ஓடுகளை நான் வெளியே எடுத்துவிடுகிறேன். நீங்கள் லொரென்சாவைத் தனியே அழைத்து, அங்கே ஓவனும் பாழ், கிழவனும் பாழ் என்று சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சப்பட வேண்டாம், சம்பந்தி. இரண்டில் ஒன்று உண்மை.