என் மனைவியின் பத்து கெட்ட பழக்கங்கள்

என் மனைவியிடம் பத்து கெட்ட பழக்கங்களைக் கண்டுபிடித்தே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சபதம் எடுத்தேன். பதினாலு வருஷக் குடித்தனத்தில் நான் எடுத்த சபதங்கள் பல. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்து எடுத்த சபதம் இது ஒன்றுதான். காரணம், அந்த உட்கார்ந்த இடத்துக்கே ஆபத்து வந்திருந்தது.

உட்கார்ந்த இடம் என்றால், ஜன்னலோரம் கிடக்கும் ஒற்றைச் சோபா. பழுப்பு ரெக்சின். இடது கைப்பிடியில் டீ கோப்பை வைத்த வட்டம். வலது கைப்பிடியில் என் முழங்கை போட்ட பள்ளம். நான் தண்ணீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்பவர்களும், வருவது தண்ணீர்தானா என்பவர்களும் நாள் முழுக்க என் எதிரே வரிசையில் நிற்பார்கள். எழுதிக்கொள்வேன். அவ்வளவுதான். மாலை வீடு திரும்பினால் என்னைப் பற்றி ஒரு புகாரும் சொல்லாமல் என்னைத் தாங்கிக்கொள்வது அந்தச் சோபா மட்டும்தான்.

அன்று காலை அதற்கு எதிரே என் மனைவி வந்து நின்றாள். அவள் ஒன்றாம் வகுப்பு டீச்சர். கையில் ஒரு தாள். ‘உடலைச் சத்தமில்லாமல் கெடுக்கும் பத்துப் பழக்கங்கள்’ என்று தலைப்பு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பு மையில் ஒரு டிக்.

“என்ன இது?”

“உங்க பேப்பர். திருத்திட்டேன்.”

“எத்தனை மார்க்?”

“பத்துக்குப் பத்து. கல்யாணமானதுலருந்து இப்பதான் முழு மார்க் வாங்கியிருக்கீங்க.”

வாங்கிப் படித்தேன். கண் விழித்ததும் படுத்தபடியே போன் பார்ப்பது. மெல்லாமல் விழுங்குவது. டிவி முன்னால் சாப்பிடுவது. தண்ணீர் குடிக்க மறப்பது. மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருப்பது. அதற்கு மேல் படிக்கவில்லை. என் வாழ்க்கை வரலாற்றை யாரோ எனக்குத் தெரியாமல் எழுதி அச்சடித்துவிட்ட மாதிரி இருந்தது.

“தண்ணி வாரியத்துல இருக்கிற மனுஷன் தண்ணி குடிக்க மறக்கிறாருன்னு எங்க போய்ச் சொல்ல?”

“எங்க பிரிவுலதான் சொல்லணும். எழுதிக்கிறேன்.”

“சிரிப்பு வரலை. எல்லாத்துக்கும் மூலகாரணம் இந்தச் சோபாதான். தம்பிகிட்ட சொல்லிட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டியோட வந்து தூக்கிட்டுப் போறான்.”

“ஏன், உன் தம்பி உட்கார்ந்தா மட்டும் அவன் உடம்பு கெடாதா?”

“அவனுக்கா? அவன் நாய்க்கு.”

நாய்க்கு! பதினொரு வருஷமாக என் முதுகு படிந்த சோபா, நாய்க்கு!

“அப்போ உனக்குக் கெட்ட பழக்கமே கிடையாதா?” என்று கத்தினேன். எனக்குக் கேட்கும் அளவுக்கு.

“இருக்கலாம். யாரு பார்த்தா?”

“நான் பார்க்கிறேன். பத்து கண்டுபிடிச்சுக் காட்டறேன். எனக்குப் பத்து, உனக்குப் பத்து. சமம். அப்புறம் சோபா இங்கதான் இருக்கும். சரியா?”

முறைப்படி பார்த்தால் அவள் இந்த இடத்தில் தயங்கியிருக்க வேண்டும். தயங்கவில்லை.

“சரி. ஆனா ஊகமெல்லாம் செல்லாது. கண்ணால பார்க்கணும். நேரம் போட்டு எழுதணும்.”

உள்ளே போய் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் எண், நேரம், பழக்கம், கெடுதி என்று நான்கு கட்டங்கள் ஏற்கெனவே போடப்பட்டிருந்தன. ‘ஏற்கெனவே’ எப்படி என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அச்சு அசலாக எங்கள் புகார்ப் பதிவேடு போலவே இருந்ததால் பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு அவள் எழுந்தாள். அவள் எழுந்தால் நானும் எழ வேண்டுமே! வழக்கமாக நான் கண்ணைத் திறப்பதே போனைத் தேடத்தான். அன்று நோட்டைத் தேடினேன். மூக்குக்கண்ணாடியைக் கண்டுபிடிப்பதற்குள் அவள் செருப்பு மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். பேக்கரி, பஸ் டிப்போவின் நீளச் சுவர், பூங்காவில் இரண்டு சுற்று. முன்னால் அவள். பின்னால் நானும் நோட்டும்.

“எழுதிட்டீங்களா?”

“என்னத்த எழுத? நடக்கிறது கெட்ட பழக்கமா?”

“எனக்கென்ன தெரியும்? நீங்கதானே ஆபீசர்.”

எழுதினேன். ‘5.50. நடை. கெடுதி: மூச்சு வாங்குகிறது.’ யாருக்கு என்பதற்குக் கட்டம் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

சாப்பாட்டு மேசையில் இன்னும் சிக்கல். ஒரு வாய்ச் சோற்றை அவள் எத்தனை முறை மெல்கிறாள் என்று எண்ணினேன். இருபத்துநாலு. எண்ணும்போது என் வாயும் கூடவே அசைந்தது. நடுவில் நான் விழுங்கினால் கணக்கு தப்பியது. டிவி ஓடினால் இன்னும் தப்பியது. அணைத்துவிட்டேன். நாலே நிமிஷத்தில் தட்டைக் காலி செய்கிறவன் அன்று அரைமணி நேரம் சாப்பிட்டேன். இதில் கெடுதி யாருக்கு, எங்கே, எப்படி என்று விளங்கவில்லை. ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

மறுநாள் ஆபீசில் ஆராய்ச்சியில் இறங்கினேன். குழப்பம் கூடியது. அதிக நேரம் உட்காராதே என்கிறார் ஒருவர். அதிக நேரம் நிற்காதே என்கிறார் இன்னொருவர். தண்ணீர் குறைந்தால் கெடுதி. ஒரேயடியாகக் குடித்தாலும் கெடுதி. குனிந்தால் கழுத்து போச்சு, விறைத்து நிமிர்ந்தால் இடுப்பு போச்சு. இந்த உடம்பை வைத்துக்கொண்டு மனிதன் எந்தப் பக்கம்தான் திரும்புவது?

என்றாலும் புகார் எழுதியே பழகிய கை சும்மா இருக்குமா? புதன்கிழமைக்குள் ஐந்து பிடித்துவிட்டேன். பையை எப்போதும் ஒரே தோளில் மாட்டுகிறாள். ஆவி பறக்கப் பறக்க டீ குடிக்கிறாள். கழுத்தை ஒடித்துக்கொண்டு பிள்ளைகளின் நோட்டு திருத்துகிறாள். தம்பியோடு பேசும்போது போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே செருகிக்கொள்கிறாள். விளக்கைப் போடாமல் மங்கிய வெளிச்சத்தில் படிக்கிறாள். கேள்விக்குறி போட்டவற்றை அவளே அடித்துவிட்டாள்.

வியாழக்கிழமை மாலை துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனாள். நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. மேலே இன்னும் இரண்டு. நானும் ஏறினேன். இறங்கினோம். உடனே மறுபடி ஏறினாள்.

“இப்ப என்ன?”

“கிளிப்பை மறந்துட்டேன்.”

இறங்கினோம். மறுபடி ஏறினாள்.

“இப்ப?”

“தலையணை உறை.”

நான்காம் முறை பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

“எல்லாத்தையும் ஒரே தடவையில எடுத்தா என்னவாம்?”

“மறதிங்க. எழுதிக்கோங்க.”

எழுதினேன். ‘6. மறதி.’ கீழே வந்ததும் அதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

“மறதி பழக்கம் இல்லையே. குணம். செல்லாது.”

“நீதானே எழுதச் சொன்னே?”

“சொன்னா எழுதிடறதா? நாலு தடவை மாடி ஏறினவருக்கு யோசிக்கத் தெரிய வேணாமா?”

வெள்ளிக்கிழமை எனக்கே ஒரு விஷயம் உறைத்தது. ஐந்து நாளாக நான் சோபாவில் உட்காரவில்லை. உட்கார முடியாது. சோபாவிலிருந்து பார்த்தால் சமையலறை தெரியாது, பால்கனி தெரியாது, வாசற்கதவும் தெரியாது. அவளோ ஓரிடத்தில் நிற்பதில்லை. போகும்போதும் வரும்போதும் ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கிறாள். பார்த்துக்கொண்டே நிற்கிறவனுக்குத் தாகம் எடுக்காதா? நானும் குடித்தேன். எந்தச் சோபாவுக்காக அலைகிறேனோ, அதன் மேல் தூசி படிந்திருந்தது. இன்னும் இரண்டு நாள்தான். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மாலை கணக்குப் பார்த்தேன். இடையில் நாலு சில்லறைப் புகார்கள் சேர்ந்திருந்தன. ஒன்பது. பால்கனிக் கம்பியில் சாய்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

“எத்தனை ஆச்சு?”

“ஒன்பது.”

“ஐயோ பாவம். ஒண்ணு குறையுதே.”

அந்த ‘ஐயோ பாவத்தில்’ உண்மையான இரக்கம் இருந்தது. அதுதான் என்னைக் கலவரப்படுத்தியது. மறுநாள் காலை வண்டி வந்துவிடும். அந்த நாய் என் பள்ளத்தில் சுருண்டு படுத்திருப்பது கண்முன் வந்து போனது.

அப்போது அது நடந்தது. அவள் முகம் சுருங்கியது. கண்கள் மூடின. கை மேலே போய் மூக்கைப் பிடித்தது. தோள் ஒருமுறை குலுங்கி அடங்கியது. சத்தமே இல்லை.

“தும்மலை அடக்கினே!” துள்ளிக் குதித்தேன். “அடக்கக் கூடாது! காதுக்குக் கெடுதி! பத்து!”

“அட, ஆமாங்க” என்றாள்.

எழுதி முடித்த பிறகுதான் ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது.

“நிஜமாவே தும்மல் வந்துச்சா?”

“இல்லைன்னா அடிச்சிருவீங்களா?”

பேனாவை மூடிச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் கயிற்றோடு வந்தான். வண்டி கீழே நின்றது.

“மாமா, என்ன இப்படி இளைச்சுட்டீங்க? உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கென்ன. கயித்தைச் சுத்தி வை. இன்னைக்கு இங்க கட்டறதுக்கு ஒண்ணும் இல்லை.”

நோட்டை எடுத்து உரக்கப் படித்தேன். எண், நேரம், பழக்கம், கெடுதி. ஒன்றையும் அவள் மறுக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டாள்.

“நீங்க ஜெயிச்சுட்டீங்க. சோபா இங்கயே இருக்கட்டும்.”

இவ்வளவு சுலபமாக நான் எதிலுமே ஜெயித்ததில்லை. பழக்கமில்லாததால் எப்படிச் சந்தோஷப்படுவது என்று தெரியாமல் நின்றேன்.

“ஆனா ஒண்ணு” என்றாள். “இந்தப் பத்தையும் நான் விடணுமே. யாராவது கூடவே இருந்து பார்த்துச் சொன்னாத்தானே விட முடியும்?”

“நான் எதுக்கு இருக்கேன்?” என்றது என் வாய். என்னைக் கேட்காமலே.

“அதான் கேட்கலாம்னு இருந்தேன்.” பழைய தாளை எடுத்தாள். “இப்ப உங்க பேப்பர். காலையில படுத்துக்கிட்டே போன் பார்த்தீங்களா?”

“எங்க நேரம்? நீ தெருவுல இறங்கிடறே.”

ஒரு டிக்கின் மேல் கோடு போட்டு அடித்தாள். “டிவி முன்னால சாப்பிட்டீங்களா?”

“சத்தத்துல எண்ண முடியலை.”

இன்னொன்றை அடித்தாள். “மெல்லாம முழுங்கினீங்களா?”

பதிலுக்காக அவள் காத்திருக்கவில்லை. சரசரவென்று பத்தையும் அடித்து, கீழே பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டாள். பக்கத்து வீட்டுக்குக் காவல் நின்றுவிட்டுத் திரும்பினால் என் வீட்டில் திருட்டுப் போயிருந்த மாதிரி எனக்கு இருந்தது. ஆனால் திருட்டுப் போனது என்ன? குப்பையா? குப்பை போனதற்கு வருத்தப்படுவதா, சந்தோஷப்படுவதா?

மச்சான் சிரித்துச் சிரித்துக் கயிற்றைக் கீழே போட்டுவிட்டான்.

“மாமா, அக்கா கிளாஸ்ல பேசறவங்க பேரையெல்லாம் போர்டுல எழுதற வேலை யாருக்குன்னு தெரியுமா?”

“நல்லாப் படிக்கிற பிள்ளைக்கு.”

“அதான் இல்லை. கிளாஸ்லயே ரொம்ப வாலு யாரோ, அதுக்கு. எழுதற வரைக்கும் அது பேசாதுல்ல!”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

“அப்போ அந்தத் தும்மல்?”

“எந்தத் தும்மல்?” என்றபடி அலமாரியைத் திறந்தாள். நூற்றிருபது பக்கத்தில், கோடு போட்ட புது நோட்டு ஒன்று அங்கே தயாராக இருந்தது.

நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். சோபாவை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போதும் அது அதே ஜன்னலோரம்தான் கிடக்கிறது. அதில் நிமிர்ந்து உட்கார்ந்துதான் அவள் தினமும் மாலையில் என் நோட்டைத் திருத்துகிறாள். நான் பக்கத்தில் கைகட்டி நிற்கிறேன்.