நெய்ராவைப் பயங்காட்டிய விவரம்

பாசமும் அதிகாரமும் சரிபாதி கலந்த என் தங்கை எர்லிந்தாவுக்கு, ஓரூரோவிலிருந்து உன் அண்ணன் தெமெத்ரியோ எழுதுவது. இங்கே நானும், என் முழங்கால் இரண்டும், என் வீட்டில் தங்கிப் படம் வரையப் படிக்கும் உன் மகள் நெய்ராவும் ஒருவிதமாக நலம். கொச்சபாம்பாவில் நீயும் மாப்பிள்ளையும் கோழிகளும் சௌக்கியம் என்றே வைத்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் நடுவில் நீ பேசுவாய், அதனால்தான் கடிதம்.

நீ உத்தரவு போட்டபடி செய்துவிட்டேன். சிலி நாட்டு வால்பராய்சோவில் மலைமேல் வீட்டுச் சுவர்களில் படம் வரையக் கூப்பிட்டிருக்கிறார்கள், சோறு அவர்கள் போடுவார்கள், போய்ச் சேர்வது அவரவர் பாடு என்று அவள் குதித்தாளே, "உன் பழைய கதையைக் கேட்டுத்தான் இவ கெட்டா, நீயே பயங்காட்டி நிறுத்து" என்று நீயும் என்மேல் பாய்ந்தாயே, அதற்காக இன்று சாயந்திரம் அவளை எதிரே உட்காரவைத்து, கையில் காசில்லாமல் தூரிகைப் பெட்டியோடு நான் நாடு சுற்றியபோது பட்ட பாட்டையெல்லாம் சொன்னேன். கேட்டவர்களுக்கு வாசல் தாண்டக் கால் வராது.

முதலில் டான் பசிலியோவின் லாரி. அந்தக் காலத்தில் என்னைப் போன்ற மகா கலைஞனுக்கு டிக்கெட் கிடையாது, கதவில் ஒரு மாதா படம் வரைந்து கொடுத்தால் பொதோசி வரை மூட்டைமேல் உட்கார்ந்து போகலாம். வரைந்தேன். அந்தக் கண்ணைப் பார்த்து ஓரமாக நின்ற லாரிகள் தாமாகவே இன்னும் ஒதுங்கின, ஒரு டிரைவர் இறங்கி முழங்காலே போட்டான், இதில் பொய்யில்லை. வரைந்தது வலதுபக்கக் கதவில், டான் பசிலியோ ஏறுவது இடதுபக்கம், அதனால் பாதி வழியில் ஒன்றுக்கு இறங்கியபோதுதான் அவர் அதைப் பார்த்தார்.

"யோவ் பெயின்டர், எங்கம்மா கையில ஏதுய்யா மெழுகுவத்தி?"

"மாதான்னா மெழுகுவத்தி இருக்கும்ல அண்ணே?"

"அது உங்க ஓரூரோ சுரங்கத்து மாதா! நான் எங்க ஊர் உர்குப்பீன்யா மாதாவோட பிள்ளை. என் தாயை வண்டியில ஏத்தச் சொன்னா, அடுத்த ஊர்த் தாயை ஏத்தி வச்சிருக்கே! இனி டயர் வெடிச்சா யாருகிட்டப் போய் அழுவேன்?"

மெழுகுவர்த்தியை ரோஜாப்பூவாக மாற்றிவிடுகிறேன் என்று தூரிகையை எடுத்தேன். மூட்டைமேல் இருந்த ஓரூரோக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். "எங்கம்மா விளக்கை அணைக்க நீ யாருடா?" என் சொந்த ஊர்க்காரர்கள்! கடைசியில் இரண்டு கட்சியும் ஒத்துப்போனது ஒரே விஷயத்தில், என்னை இறக்கிவிடுவதில். மேட்டுச் சமவெளியில் நான், பெட்டி, காற்று, தூரத்தில் மேய்ந்தபடி ஒட்டகக் கழுத்தை நீட்டி என்னைக் கேவலமாகப் பார்த்த ஒரு லாமா, அவ்வளவுதான்.

"ஐயோ மாமா, அப்புறம் எங்க போனீங்க?" என்றாள் நெய்ரா. பயத்தில் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நடந்து ஒரு சந்தையூர் போய்ச் சேர்ந்தேன். ஊதாச்சோளக் கஞ்சி விற்ற டோன்யா சதுர்னினா, கடைப்பலகையில் தன் படம் வரைந்தால் கஞ்சியும் படுக்க இடமும் தருவதாகச் சொன்னாள். பெண்களுக்குப் பிடிக்குமே என்று இடுப்பைச் சிறுக்க வைத்து ஒல்லியாக வரைந்தேன்.

"யாருடா இந்தப் பட்டினிக்காரி? இவ கஞ்சியே குடிச்சதில்ல போல, இவகிட்ட எவன் வாங்கிக் குடிப்பான்? பாவாடை ஒண்ணுதானா? சதுர்னினா வீட்டுல துணி இல்லைன்னு ஊருக்குச் சொல்றியா? அடுக்குடா, இன்னும் அடுக்கு!"

அடுக்கினேன். பலகை தீர்ந்து, பாவாடை சுவருக்கு இறங்கி, பக்கத்துச் செருப்புக்கடை வரை போய்விட்டது. செருப்புக்காரன் வாடகை கேட்டான். அவளோ தெருவின் அந்தக் கோடியில் நின்று பார்த்துவிட்டு, "இப்பத்தான் நான்" என்றாள். ஒரு கோப்பைக்குப் பேசியவள், நான் போதும் என்கிறவரை ஊற்றினாள். அன்று உருளைக்கிழங்கு மூட்டைமேல் மல்லாந்தேன், கூரையில் ஓட்டை, நட்சத்திரம் மூக்கில் வந்து இடித்தது. இப்போது பொரித்த கோழிக் கடைகளுக்கெல்லாம் நான்தான் பலகை எழுதுகிறேன், என் கோழியைப் பார்த்து நாய்கள் எச்சில் விடுகின்றன, வயிறு நிறைகிறது. ஆனால் அந்தக் கஞ்சியின் ஆவி, டீசல் வாசம், விறைத்த விரலை ஊதி ஊதிக் கோடு இழுத்தது... தங்கச்சி, அப்போது எனக்கு வீடு கிடையாது, ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் எனக்காக ஒரு சுவர் காத்திருந்தது. இதையும் நான் அவளிடம் கஷ்டமாகத்தான் சொன்னேன்.

"அந்தப் பாவாடை இன்னும் இருக்குமா மாமா?"

"எங்க இருக்கும்? வெயில் குடிச்சிருக்கும்."

"போய்ப் பாத்தாத்தானே தெரியும்?"

"வாயை மூடு, கழுதை" என்று அதட்டினேன். உடனே அடங்கிவிட்டாள். சாப்பிட்டு எழுந்ததும் தூரிகைகளையெல்லாம் கழுவித் துடைத்துத் துணியில் சுற்றி வைத்தாள், சட்டைகளை மடித்தாள். மனதில் பயம் புகுந்தால் பெண்பிள்ளைகள் வீட்டு வேலையில் இறங்கிவிடுவார்கள், உனக்குத் தெரியாததா?

ஆகவே நீ நிம்மதியாகத் தூங்கு. நான் இருக்கும்வரை அவள் இந்த ஊர் எல்லையைத் தாண்டமாட்டாள். மாப்பிள்ளைக்கு என் மரியாதை, உனக்கு என் ஆசி, கோழிகளுக்கு என் விசாரிப்பு. எல்லா ஊர் மாதாக்களும் சண்டையில்லாமல் உங்களைக் காக்கட்டும்.

உன் அண்ணன்,
தெமெத்ரியோ

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. இதை எழுதுவது சிலி எல்லையில் நிற்கும் பஸ்ஸுக்குள், கையெழுத்தை மன்னி. காலையில் அவள் பெட்டியைத் தூக்கினாள். வாசலில் தடுத்தேன், பஸ் நிலையத்தில் தடுத்தேன், பஸ்ஸுக்குள் ஏறியும் தடுத்தேன், அது கிளம்பிவிட்டது. என் கோட்டும் போர்வையும் எப்படிக் கூட வந்தன என்று கேட்காதே. டிக்கெட்டுக்குப் பதில் பஸ்ஸின் பின்பக்கம் முழுக்கப் படம் வரைந்து தருவதாக அவளே பேரம் பேசிவிட்டாள், நம் பரம்பரையில் இப்படி ஒரு வாயை நான் பார்த்ததில்லை. "சரிம்மா, இந்தப் பெரியவரு யாரு?" என்றான் டிரைவர். "பெயின்ட் கலக்குற ஆளு. அவர் வரலைன்னா வேலை ஓடாது" என்றாள். நான் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு ஜன்னல் ஓரம்.