விசில் வந்த இணைப்புத் திசு

கப்பல் சொன்ன நாளில் வரும் என்று நம்புகிறவர்களுக்கு அந்தமான் சரிப்பட்டு வராது. நான் நம்பினேன், அதுவும் அங்கே குடியேறி இத்தனை வருஷம் கழித்து.

சுனாமிக்கு மறுவருஷம். பாம்பூஃப்ளாட் ஜெட்டியருகே என் கணவர் வைத்திருந்த மளிகைக் கடையைக் கடல் கொண்டுபோயிருந்தது. ஃபெரார்கஞ்ச் பக்கம் ஒரு பள்ளியில் நான் ஒப்பந்த அறிவியல் டீச்சர். வீட்டுக்கு வந்த ஒரே சம்பளம் அதுதான். தெற்குக்கோடித் தீவின் கேம்பல் பேயிலிருந்து கப்பலில் திரும்பும் கல்வி அதிகாரி என் வகுப்பைப் பார்த்துச் சரி என்றால்தான் ஒப்பந்தம் நீளும்.

பாடம், திசுக்களின் வகைகள். தசையை எலும்போடு கட்டும் தசைநாண் தசைத் திசு இல்லை, இணைப்புத் திசு என்று நிரூபிக்கவேண்டும். பச்சைக் கோழிக்காலில் வெட்டுவாயில் வெள்ளையாகத் தெரியும் நாணை இழுத்தால் விரல்கள் மடங்கும். (வீட்டில் ஒத்திகை பார்த்து நானே கைதட்டிக்கொண்டேன்.)

கடல் கொந்தளிப்பில் கப்பல் வரவில்லை. சொன்ன நாளை நம்பி வாங்கிய கால்கள் ஃபிரிட்ஜில் காத்திருந்தன. பிறகு கரண்டும் போனது. ஒரு காலையில் திடீரென்று பள்ளியிலிருந்து ஆள் வந்து, கப்பல் வந்தாச்சு, முதல் பீரியடே ஆய்வு என்றார். ஃபிரிட்ஜைத் திறந்தால் காலி.

"மஞ்சளும் உப்பும் போட்டுக் குக்கர்ல வச்சிட்டேம்மா" என்றார் கணவர். "நாத்தமடிச்சா அதிகாரி முன்னாடி உனக்குத்தானே அசிங்கம்?"

கோழிக்கடை திறக்க நேரமிருந்தது. வெந்தால் என்ன, திசு திசுதானே என்று தூக்குவாளியில் போட்டுக்கொண்டு ஓடினேன். (படித்த படிப்பு அப்படி.)

வகுப்பில் கடைசி பெஞ்சுவரை மணம் போனது. "கீஞ்சியே, மேடம்" என்று இழுக்கச் சொன்னார் அதிகாரி. இழுத்தேன். விரல் மடங்கவில்லை, கழன்று கையோடு வந்தது. இன்னொன்றை இழுத்தேன். தோல் வழுக்கி, எலும்பெல்லாம் மேஜையில் உதிர்ந்தன.

"யே கௌன்சா டிஷ்யூ ஹை?" எந்தத் திசு என்று கேட்கிறார்.

நான் வாயைத் திறப்பதற்குள் முன்பெஞ்சுப் பெண் எழுந்தாள். "சூப், சார்! நல்லா வெந்திருக்கு!"

"கனெக்டிவ் டிஷ்யூதான் சார்... கல் தக்" என்றேன். (நேற்றுவரைக்கும்.) வகுப்பே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. ஒப்பந்தமும் நீளவில்லை.

வீட்டுக்கு வந்தேன். கணவரின் முகத்தைப் பார்த்ததும் திட்டுவதற்குக்கூடத் தெம்பில்லை. குக்கரில் மிச்சமிருந்த தண்ணீரில் மிளகு தட்டிப் போட்டு நீட்டினார். குடித்தோம். பாழாய்ப்போனது, அத்தனை ருசி! அந்த ருசியை நம்பித்தான் ஜெட்டியில் சூப் தள்ளுவண்டி போட்டார். அதில்தான் எங்கள் பிள்ளைகள் படித்தார்கள்.

என்னிடம் படித்தவர்கள் இப்போது மீசையும் குழந்தையுமாக ஃபெர்ரியிலிருந்து இறங்கி வருகிறார்கள். "டீச்சர், ஒரு இணைப்புத் திசு, மிளகு தூக்கலா!" வெந்தபிறகு அதற்கு அந்தப் பெயர் பொருந்தாது என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். என் பிள்ளைகளும் வீட்டில் அப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் ஒன்று, தசைத் திசு வேண்டும் என்று இதுவரை ஒருத்தர்கூடக் கேட்டதில்லை.